குளிர் முகப்பு (வெப்பக்காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னேறும் குளிர்காற்றின் விளிம்பு) கடந்தால் வானம் தெளியும் என்கிறது பாடப்புத்தகம். கடல் மேல் மட்டும் அதற்குப் பிறகும் தாழ்மேகம் நிறைவது ஏன்?

புவியியலை விருப்பப்பாடமாக எடுத்துத் தேர்வுக்குப் படிக்கிறவர் போலிருக்கிறது நீங்கள். உங்கள் புத்தகம் தரையை மட்டும் வைத்து எழுதியிருக்கிறது. நம் பக்கம் குளிர் முகப்பே வராது என்பதால் யாரும் அதைத் தட்டிக் கேட்பதும் இல்லை.

நான் வானிலை விஞ்ஞானி இல்லை, சரக்குக் கப்பலில் செகண்ட் மேட், அதாவது கப்பலைச் செலுத்தும் அதிகாரிகளில் ஒருவன். "நீ யார் இதைச் சொல்ல?" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: குறித்த நேரத்தில் மேகத்தைப் பார்த்து, அதை எண்ணாக்கி, வானிலை மையத்துக்கு அனுப்புவதும் என் வேலைதான். செயற்கைக்கோள் வரும்வரை நடுக்கடல் வானம் எப்படி இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னவர்கள் கப்பல்காரர்கள்.

ஒரு ஜனவரியில் அமெரிக்காவின் நார்ஃபோக்கில் நிலக்கரி ஏற்றி ராட்டர்டாமுக்குக் கிளம்பினோம். முந்தின இரவுதான் முகப்பு கடந்திருந்தது. தென்மேற்குக் காற்று வடமேற்காகத் திரும்பிவிட்டது, பாரோமீட்டர் ஏறிக்கொண்டிருந்தது. செசபீக் விரிகுடா வாயிலில் துறைமுகத்திலிருந்து வழிகாட்டி வந்த பைலட் இறங்கும்போது துடைத்துவிட்ட மாதிரி நீலம். இதுவரை உங்கள் புத்தகம் சரி.

மதியம் என் வாட்சில் (காவல் முறையில்), கரையை விட்டு வெகுதூரம் வந்தபின், சின்னச் சின்ன மேகங்கள் முளைத்தன. எல்லாம் காற்று வீசும் திசையிலேயே, உழுத வயலில் சால் போன மாதிரி வரிசை வரிசையாக. நள்ளிரவு வாட்சில் கடல்நீர் வெப்பம் மளமளவென்று ஏறி 20 டிகிரியைத் தாண்டியது. தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவரும் வளைகுடா நீரோட்டத்துக்குள் (Gulf Stream) வந்துவிட்டோம். காற்றோ அதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குளிர். பிரிட்ஜ் விங்கில் (கப்பலைச் செலுத்தும் அறையின் பக்கவாட்டுத் திறந்த மாடத்தில்) நின்று டார்ச் அடித்தால் அலைமேல் ஆவி பறக்கிறது. மறுநாள் மதியம் வரிசையெல்லாம் கலைந்து, திரண்ட மேகம், நடுநடுவே நீலம், திடீர் திடீரென்று தூறல். வரிசை மேகத்துக்குப் போட்ட எண்ணை இதற்குப் போட முடியாது.

காரணம் இதுதான். முகப்புக்குப் பின்னால் வருவது கண்டத்தின் வறண்ட குளிர்காற்று. வெதுவெதுப்பான நீர் அதை அடியிலிருந்து சூடாக்கி, ஈரத்தையும் ஏற்றுகிறது. வளைகுடா நீரோட்டத்தின் மேல் இப்படிக் கடல் இழக்கும் வெப்பம் சில நாட்களில் சதுர மீட்டருக்கு 1000 வாட்டைத் தாண்டும். சூடான காற்று மேலெழுந்து மேகமாகிறது. ஆனால் முகப்புக்குப் பின்னால் உயரத்தில் காற்று கீழிறங்கிக்கொண்டிருக்கும். அது வெப்பமடைந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் தடுப்பாக நின்றுவிடுவதால் மேகம் அதற்குமேல் வளர முடியாமல் தாழ்வாகவே பரவுகிறது. பலத்த காற்று உருளைகளாகச் சுழன்று வரிசை கட்டுகிறது. இன்னும் தள்ளிப்போனால் தூறல் விழுந்து, அது ஆவியாகும்போது கீழே குளிர்ந்த காற்று பரவி, மேகத்தை ஓரத்துக்கு ஒதுக்கிவிடுகிறது. நடுவில் வெறும் வானம், சுற்றிலும் மேக வளையம். இதைத் திறந்த அறை என்பார்கள். நடுவில் மேகமும் ஓரத்தில் இடைவெளியும் இருந்தால் மூடிய அறை. காற்றுக்கும் கடலுக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவு, மேலே காற்று எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைப் பொறுத்து எது அமையும் என்பது மாறும். தரைக்கு இந்த வெப்பமும் கிடையாது, ஈரமும் கிடையாது. அதனால்தான் அங்கே பெரும்பாலும் தெளிந்த வானம். நார்வே பெர்கனில் 1919-ல் வானிலை விஞ்ஞானி ஜேக்கப் பியர்க்னெஸ் ஆரம்பித்துவைத்த பழைய முகப்பு மாதிரியிலேயே பின்பக்கத் தூறல் உண்டு. சுருக்கி எழுதியவர்கள்தான் அதை விட்டுவிட்டார்கள்.

நார்ஃபோக் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. எங்கள் எல்லோரிடமும் விசா இருந்தும், துறைமுக முனையத்துக்குள் நடந்து போகக் கூடாது, எங்களைக் கூட்டிப்போகும் வண்டிக்குத் தனிக் காசு என்றார்கள். பதினெட்டு வயது கேடட் பையன் அம்மாவுக்கு சாக்லேட் வாங்கலாம் என்று சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வைத்திருந்தான். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் விட மனசில்லை.

"மேகம் வரிசையா இருந்தா என்ன, கலைஞ்சா என்ன?" என்பவர்களுக்கு: மூடிய அறை மேகம் வெயிலை நிறையத் திருப்பி அனுப்பும், திறந்த அறை குறைவாக அனுப்பும். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில், புயல்களின் குளிர்ப்பகுதியில் இந்தத் தாழ்மேகத்தைக் கணினிக் காலநிலை மாதிரிகள் நெடுநாள் குறைவாகவே காட்டிவந்தன. பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாத நீர்த்துளிகளை அவை சீக்கிரம் பனிக்கட்டியாக்கிவிட்டதும் அதற்கு ஒரு காரணம். நான் சொன்ன அதே அமெரிக்கக் கடற்கரைக்கு அப்பால் நாசா 2020 முதல் 2022 வரை ஒரே நேரத்தில் இரண்டு விமானங்களை அனுப்பி, ஒன்று மேகத்துக்குள்ளும் கீழும், மற்றது உயரத்திலும் பறந்து அளந்தது.

என் பேச்சை நம்ப வேண்டாம். செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் நாசாவின் வேர்ல்ட்வியூ தளம் இலவசம். ஏதாவது ஒரு ஜனவரியில், முகப்பு கடந்த மறுநாள் படத்தை எடுத்து, வர்ஜீனியா கரையிலிருந்து கிழக்கே நகர்த்திக்கொண்டே போங்கள். முதலில் வெறும் கடல், பிறகு வரிசை, பிறகு வளையம். தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் போடுவார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.