விசித்திர யாட்டும் விளம்பரக் கணக்கும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தூக்கம் வராத ராத்திரிகளில் விற்பனைக்கு வரும் மோட்டார் யாட்களை, அதாவது இன்ஜினில் ஓடும் உல்லாசப் படகுகளை, பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. அதுவும் யாரும் சீண்டாத வினோத ரகங்கள்தான் பிடிக்கும். ஒன்றின் விளம்பரத்தில் நீளம் 18 மீட்டர், வேகம் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்), டேங்க் நிரப்பினால் 3,000 கடல் மைல் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: மூன்றுமே உண்மையாக இருக்கலாம், ஆனால் ஒரே பயணத்தில் இருக்காது. வேகத்தை ஒரு வரியில் போடுவார்கள், தூரத்தை அதற்குக் கீழே போடுவார்கள், இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவது நாம்தான். முதலில் அந்த 18 மீட்டரில் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குளியல் மேடையும் சேர்த்தி. தண்ணீரைத் தொடும் நீளம் 49 அடிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான, நீரைத் தள்ளிக்கொண்டு போகிற படகுகளுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: அந்த அடிக்கணக்கின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய உச்ச வேகம். 49-க்கு 7, பெருக்கினால் 9.4 நாட். அதற்கு மேல் விரட்டினால் படகு தான் எழுப்பிய அலை மேட்டிலேயே ஏறப் பார்க்கும், டீசல்தான் கரையும். இன்னொன்று, தேவைப்படும் சக்தி சுமாராக வேகத்தை மூன்று முறை தன்னோடு பெருக்கிய கணக்கில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும், அதாவது 10-லிருந்து 8 நாட்டுக்கு இறங்கினாலே பாதி சக்தி போதும். அந்த 3,000 மைல் 8 நாட்டுக்கான கணக்காக இருந்தால், 10 நாட்டில் அது 2,000-க்கும் கீழே வந்துவிடும். ஆகவே தரகரிடம் “எந்த வேகத்தில், டேங்கில் எவ்வளவு மிச்சம் வைத்து?” என்று கேளுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: வினோதமான படகுகள் சட்டென்று விற்பதில்லையே, ஏன்?

பதில்: ஒரே ஒருவரின் தேவைக்காகக் கட்டியதாச்சே! 2008-ல் வந்த ‘சில்வர் கிளவுட்’ நல்ல உதாரணம். உரிமையாளரின் மனைவிக்குக் கடல் ஆட்டம் ஒத்துக்கொள்ளாது என்பதால், 41 மீட்டர் படகை நீருக்கடியில் மூழ்கியிருக்கும் இரண்டு நீண்ட உருளைகளின் மேல் நிற்க வைத்தார்கள். அலை மேல்மட்டத்தில்தான் அதிகம் புரளும், உருளைகள் அதற்குக் கீழே இருப்பதால் ஆட்டம் வெகுவாகக் குறையும். அருமையான யோசனைதான், ஆனால் அகலம் கிட்டத்தட்ட 18 மீட்டர். அடுத்து வாங்குபவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளும், படகுத்துறை ஒத்துக்கொள்ளாது.

பழைய இழுவைக் கப்பல், மீன்பிடிக் கப்பல் ஆகியவற்றை யாட்டாக மாற்றியதைப் பார்த்தால் எனக்கும் கை பரபரக்கும், ஒளிப்பானேன். அப்போதெல்லாம் கிரேக்கக் கப்பல் அதிபர் ஒனாசிஸை நினைத்துக்கொள்வேன். 1943-ல் நீரில் இறங்கிய கனடா போர்க்கப்பலைப் பழைய இரும்பு விலையில், 34,000 டாலருக்கு வாங்கி, ‘கிறிஸ்டினா’ என்ற யாட்டாக மாற்ற சுமார் 40 லட்சம் டாலர் கொட்டினார் அவர். வாங்கும் விலை வெறும் முன்பணம் மாதிரிதான்.

கேள்வி: இரும்பு உடலா, ஃபைபரா?

பதில்: நெடும்பயணத்துக்கு இரும்பு, பராமரிக்க நேரமில்லாவிட்டால் ஃபைபர். இரும்பு பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கும்: இன்ஜினுக்கு அடியில், நங்கூரச் சங்கிலி ஈரத்தோடு சுருண்டு கிடக்கும் பெட்டியில், குளியலறைத் தரைக்குக் கீழே. போட்டோவில் தெரிவது பெயின்ட் மட்டும்தான். படகைக் கரையேற்றி, தகட்டின் தடிமனை அல்ட்ராசவுண்ட் கருவியால் இடம் இடமாக அளக்கச் சொல்லுங்கள். விற்பவர் “போன வருஷம்தான் பார்த்தோம், எதற்கு மறுபடியும்?” என்றால் கட்டாயம் அளந்தே ஆக வேண்டும்.

கேள்வி: கிராஸ் டன்னேஜ் 60 என்றால் எடை 60 டன்தானே?

பதில்: இல்லை, அது உள்ளே அடைபட்ட இடத்தின் கன அளவை வைத்துப் போடும் எண். எடை வேண்டுமானால் ‘டிஸ்பிளேஸ்மென்ட்’ என்ற வரியைத் தேடுங்கள்.