சிகரெட்டுக்குத் தடை போட்டால்?

கேள்வி: கஞ்சாவைத் தடை செய்த அரசு சிகரெட்டையும் ஒரே உத்தரவில் தடை செய்தால் என்ன?

பதில்: பூடான் செய்து பார்த்தது. 2004-ல் புகையிலை விற்பனைக்குத் தடை. 2010 சட்டத்தில் சிறைத் தண்டனையும் சேர்ந்தது. அப்படியும் சரக்கு இந்திய எல்லை வழியாகத் திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டே இருந்தது. கடத்தலோடு கொரோனாவும் எல்லை தாண்டும் என்ற பயத்தில், 2021-ல் விற்பனைத் தடையையே நீக்கிவிட்டார்கள்.

நமக்கு 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டமே போதும், ஒழுங்காக அமல்படுத்தினால். பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. பெட்டிக்கடையில் நடப்பது வேறு. பாக்கெட்டில் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம்தான். ஆனால் வாங்குபவர் கைக்கு வருவது ஒற்றை சிகரெட். படம் கடைக்காரரிடமே தங்கிவிடும். பற்றவைக்கக் கயிறும் தொங்கும்! இந்தச் சில்லறை விற்பனையை முதலில் நிறுத்த வேண்டும். விடலைப் பையனிடம் முழுப் பாக்கெட்டுக்குக் காசு ஏது?

கேள்வி: சிகரெட்டை நிறுத்துவதற்காக நிக்கோடின் சூயிங்கம் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வருகின்றன. விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், மெல்லும் விதத்தை மாற்றுங்கள். விடாமல் மென்றால் நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும்; எரிச்சல்தான் மிச்சம். மெதுவாக மெல்லுங்கள். சுள்ளென்று காரம் தெரிந்ததும் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒதுக்குங்கள்; காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். ஒன்று அரை மணி நேரம் வரும். மெல்லத் தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, சோடா கூடாது. அமிலம் இருந்தால் வாய் நிக்கோடினைச் சரியாக உறிஞ்சாது. தூங்கி எழுந்த அரை மணிக்குள் சிகரெட் தேடுபவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2.