டெரி–டப்ளின் ஏ5 சாலை ஏன் இன்னும் வரவில்லை? கேள்வி பதில்

வட அயர்லாந்தின் ஏ5 சாலைத் திட்டத்தைத் தொடர்ந்து கவனித்து வருபவன் என்பதால் பலர் கேட்டதற்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அண்ணா, டப்ளினுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஏ5 ஏ5 என்று ரேடியோவில் அடிக்கடி சொல்கிறார்கள். அது எங்கே இருக்கிறது?

டெரி நகரிலிருந்து ஸ்ட்ரபான், ஓமா, பாலிகாலி வழியாக ஆக்னகிளாய் வரைக்கும் வருகிற சாலை. பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்து முடிந்து அயர்லாந்துக் குடியரசு தொடங்கும் எல்லை அங்கேதான். தாண்டினால் அதே சாலை என்2 என்ற பெயரில் மோனஹன் வழியாக டப்ளினுக்குப் போகும். எல்லையில் கேட்டும் கிடையாது, சோதனையும் கிடையாது, மைல் கணக்கில் இருந்த வேகப் பலகை கிலோமீட்டருக்கு மாறும், அவ்வளவுதான். இதில் புதிதாகப் போட நினைப்பது சுமார் 85 கிலோமீட்டர் நான்குவழிச் சாலை.

கேள்வி: பிரிட்டன் பக்கத்துச் சாலைக்கு அயர்லாந்து அரசு எதற்குப் பணம் தர வேண்டும்?

டோனிகல் மாவட்டம் அயர்லாந்துக் குடியரசில்தான் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து தலைநகருக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வட அயர்லாந்துக்குள் புகுந்து இந்தச் சாலையில்தான் வருகிறார்கள். ஓமா வழியாக ஓடிய ரயிலையும் 1965-இல் மூடிவிட்டார்கள். அதனால் 2007-இல் 40 கோடி பவுண்டு தருகிறோம் என்றது டப்ளின் அரசு. பொருளாதார நெருக்கடி வந்ததும் 2011-இல் பின்வாங்கியது. 2024-இல் மறுபடி வந்து 60 கோடி யூரோ என்று அறிவித்திருக்கிறது.

கேள்வி: சார், கோர்ட்டில் எத்தனை முறைதான் தோற்பார்கள்? எதிர்ப்பவர்கள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்களோ?

மூன்று முறை அனுமதி ரத்தாகியிருக்கிறது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதல் தடவை 2013. நில உரிமையாளர்களும் விவசாயிகளும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு வழக்குப் போட்டது. அவர்கள் அடுக்கிய குறைகளில் நீதிமன்றம் ஏற்றது ஒன்றே ஒன்றுதான்: ஃபாயில், ஃபின் ஆறுகள் சால்மன் மீனுக்காகப் பாதுகாக்கப்பட்டவை, அவற்றுக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஐரோப்பிய விதிப்படி மதிப்பீடு செய்யவில்லை. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

இரண்டாவது இன்னும் விசித்திரம். 2017 ஜனவரியில் ஸ்டார்மாண்ட் ஆட்சி, அதாவது வட அயர்லாந்து அரசு, கவிழ்ந்து அமைச்சரே இல்லாத நேரத்தில், உள்கட்டமைப்புத் துறையின் அதிகாரிகளே நவம்பரில் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஒரு குப்பை எரிப்பு ஆலை வழக்கில், இவ்வளவு பெரிய முடிவை அமைச்சர் இல்லாமல் அதிகாரி எடுக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலைக்குச் சம்பந்தமே இல்லாத வழக்கு! ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஏ5 அனுமதியை யாராலும் காப்பாற்ற முடியவில்லை, 2018 நவம்பரில் அதுவும் போனது.

மூன்றாவது, 2024 அக்டோபரில் அமைச்சர் ஜான் ஓ'டௌட் கொடுத்த அனுமதி. அதை 2025 ஜூனில் நீதிபதி மெக்காலிண்டன் ரத்து செய்தார். 2022-இல் வட அயர்லாந்து சட்டமன்றமே ஒரு பருவநிலைச் சட்டம் போட்டது, 2050-க்குள் நிகரக் கரிம உமிழ்வு பூஜ்யமாக வேண்டும், எல்லாத் துறையும் அதற்கு ஒத்துப்போகிற மாதிரிதான் வேலை செய்ய வேண்டும் என்று. இந்தச் சாலையைப் போட்ட பிறகும் அந்த இலக்கை எட்டுவோம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், துறையிடம் உருப்படியான பதில் இல்லை.

இதில் எதிராளி இழுத்தடித்தது எங்கே? தங்கள் சட்டத்தைத் தாங்களே சரியாகப் படிக்காமல் போய் நின்றவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

கேள்வி: விபத்தில் செத்தவர்களைப் பற்றி நீதிபதிக்குக் கவலையே இல்லையா?

இருக்கிறது. 2006-க்குப் பிறகு இந்தச் சாலையில் 50 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். தீர்ப்பு அந்தக் குடும்பங்களுக்கு எவ்வளவு வேதனை தரும் என்று அவரே தீர்ப்பில் எழுதியிருக்கிறார், குறைகளைச் சரிசெய்துகொண்டு வர முடியும் என்றும் சொல்லியிருக்கிறார். சாலை வேண்டாம் என்று இதுவரை எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் பைபாஸுக்கு நிலம் எடுத்தபோது பட்ட பாடு தெரியும். அங்கே நிலம் கொடுத்தவர்கள் கதி என்ன?

படு மோசம். 2007-இலிருந்து தன் வயல் வழியாகச் சாலை வருமா வராதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் விவசாயி புதுக் கொட்டகை போடுவாரா, வடிகால் வெட்டக் கடன் வாங்குவாரா? 2024 அனுமதியோடு நிலத்தைக் கையகப்படுத்தும் ஆணையும் வந்தது, ஆரம்ப வேலைகளும் தொடங்கின, தீர்ப்பில் அந்த ஆணையும் சேர்ந்து ரத்து. இருக்கிற சாலையையே திருத்தினால் போதுமே என்பது எதிர்ப்பவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, டிராக்டரும் லாரியும் காரும் ஒரே தடத்தில் போகிற, வீட்டு வாசல்கள் நேராகச் சாலையில் திறக்கிற இடத்தில் ஒட்டுப்போட்டு எவ்வளவு தூரம் போக முடியும்? ஆனாலும் அவர்கள் எரிச்சல் நியாயமானது.

கேள்வி: பருவநிலைச் சட்டத்தில் ஏ5-க்கு மட்டும் விலக்கு என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் முடிந்ததே?

சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. சேர்த்தால் அடுத்த நாளே ஆளாளுக்கு விலக்கு கேட்டு வரிசையில் நிற்பார்கள். அதைவிடக் கணக்கை ஒழுங்காகப் போடுவது மேல்: சாலையால் இவ்வளவு உமிழ்வு கூடும், அதை இந்தந்தத் துறையில் இப்படிக் குறைப்போம் என்று எழுதிக் காட்ட வேண்டும். ஓ'டௌடுக்குப் பிறகு வந்த அமைச்சர் லிஸ் கிம்மின்ஸ் 2025-இல் இந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனார். சரி, போகட்டும், ஆனால் அங்கே ஜெயித்தாலும் இந்தக் கணக்கு இல்லாமல் அடுத்த வழக்கைத் தாங்காது என்பது என் கணிப்பு.

கேள்வி: அடுத்த வாரம் குடும்பத்தோடு டெரிக்குக் காரில் போகிறோம். இந்த வழியிலேயே போகலாமா?

போகலாம். வெளிச்சத்தில் போங்கள், டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்தப் பார்க்காதீர்கள்.