துணைப் பாடத்துக்காகக் கூடுதலாக ஒரு செமஸ்டர் படிக்கலாமா?

கேள்வி: வணிக நிர்வாகப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கணக்கியல், நிதி இரண்டிலும் கவனம் செலுத்துகிறேன். மைனர் எனப்படும் துணைப் பாடத்தை விரைவில் முடிவு செய்ய வேண்டும். பொருளாதாரம் எடுத்தால் ஏற்கெனவே முடித்த இரண்டு தாள்கள் கணக்கில் சேர்ந்துவிடும். புள்ளியியல் எடுத்தால் ஒரு செமஸ்டர் நீளும்; கல்விக் கடனும் கூடும். உளவியலிலும் ஆர்வம் உண்டு. எது லாபம்?

பதில்: லாபத்தைக் கேட்டுவிட்டீர்கள், அதனால் செலவிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு செமஸ்டர் நீண்டால் கட்டணம் மட்டுமா கூடும்? தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு, ஏறத்தாழ அரை ஆண்டுச் சம்பளம் தள்ளிப்போவது, இவற்றின் மேல் வட்டி. ஒரு கடனை 10 சதவீத வட்டியில் 10 ஆண்டு மாதத் தவணைகளாக அடைத்தால், வாங்கிய ஒவ்வொரு 100-க்கும் ஏறக்குறைய 159 கட்டியிருப்பீர்கள். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. ஐந்தாறு தாள்கள் கொண்ட ஒரு துணைப் பாடம் இதையெல்லாம் ஈடுகட்டும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எனவே நீளும் செமஸ்டர் வேண்டாம் என்பது என் முடிவு.

ஆனால் புள்ளியியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன மூன்றில் அதுவே உங்களுக்குப் பொருத்தம் என்று நினைக்கிறேன். ஒரு நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான செலவுச் சீட்டுகள் தணிக்கைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இயல்பாகச் சேரும் தொகைகளில், 1 என்ற இலக்கத்தில் தொடங்குபவை ஏறத்தாழ 30 சதவீதம் இருக்கும். 9-இல் தொடங்குபவை 5 சதவீதத்தைக்கூடத் தொடாது. பென்ஃபோர்டு விதி என்று இதைச் சொல்வார்கள். (1881-லேயே இதைக் கவனித்தவர் சைமன் நியூகாம் என்ற வானியலாளர். மடக்கை (லாகரிதம்) அட்டவணைப் புத்தகத்தில், 1-இல் தொடங்கும் எண்களுக்கான முதல் பக்கங்கள் மட்டும் அழுக்கேறித் தேய்ந்திருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இது தோன்றியது.) மேலதிகாரியின் கையெழுத்து 5,000-க்கு மேல்தான் தேவை என்ற நிறுவனத்தில், 4-இல் தொடங்கும் சீட்டுகள் அளவுக்கு மீறிக் குவிந்திருந்தால் தணிக்கையாளர் அங்கேதான் தோண்டத் தொடங்குவார். கணக்கியல் மட்டும் படித்தவர் ஒவ்வொரு சீட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். புள்ளியியலும் தெரிந்தவர் சீட்டுகளை மொத்தமாகப் பார்ப்பார். இந்த விதி எந்தத் தொகைகளுக்குப் பொருந்தாது என்பதும் அவருக்குத் தெரியும். ஒரே விலையில் விற்கும் பொருளின் ரசீதுகளில் இதைத் தேடி நேரத்தை வீணாக்க மாட்டார்.

பொருளாதாரத்தை நீங்கள் யோசிப்பதற்கு அது மலிவு என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் உங்கள் கடிதத்தில் காணவில்லை. முடித்த இரண்டு தாள்களும் எப்படியும் உங்களுடையவைதான். மிச்சமுள்ள தாள்கள் புதிதாக என்ன தருகின்றன என்று பாருங்கள். பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் முறையில் ஆராயும் பொருளாதார அளவியல் அதில் இருந்தால் எடுக்கலாம். இல்லையென்றால், வணிகப் படிப்பில் கேட்டதையே இன்னொரு வகுப்பறையில் கேட்பீர்கள்.

உளவியலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2002-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவரான டேனியல் கானமன் ஓர் உளவியலாளர். லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நஷ்டம் தரும் வலி பெரிது என்று அவரும் சக உளவியலாளர் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதியதை, சந்தை சரியும் ஒவ்வொரு முறையும் என் வாடிக்கையாளர்களிடம் நேரில் பார்க்கிறேன். விற்பனை, மனிதவளம், முதலீட்டு ஆலோசனை என்று மனிதர்களோடு பழகும் வேலைக்குப் போவதாக இருந்தால் உளவியலையே எடுங்கள். நீங்கள் கணக்கியல் பக்கம் சாய்வதால்தான் அதை இரண்டாவதாக வைக்கிறேன்.

சரி, செமஸ்டர் நீளாமல் புள்ளியியலை எப்படிப் படிப்பது? நீங்கள் முடித்த வணிகப் புள்ளியியல் தாளை முதல் தாளாக ஏற்பார்களா என்று துறையில் எழுத்து மூலம் கேளுங்கள். விருப்பப் பாடங்களுக்கு ஒதுக்கிய கிரெடிட்களை இதற்கே திருப்புங்கள். விடுமுறைக் காலத் தாள்களின் கட்டணத்தையும் விசாரியுங்கள். அப்படியும் ஒன்றிரண்டு தாள்கள் இடித்தால், துணைப் பாடம் என்ற பெயரை விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலில் ஒரு வரிதான். நிகழ்தகவு, தொடர்புப் போக்கு (ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறும் என்று கணிக்கும் ரிக்ரெஷன்), நிரல் எழுதுவதற்கு ஒரு தாள்: இந்த மூன்றையும் முடித்து, உண்மையான தரவை வைத்து ஒரு திட்ட அறிக்கையும் கையில் இருந்தால் நேர்காணலில் பேச விஷயம் இருக்கும்.

பதிவு செய்வதற்கு முன் இன்னும் இரண்டு விசாரணைகள் பாக்கி. மேல்நிலைத் தாள்கள் சில ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். முன்தகுதித் தாள் ஒன்றைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு காத்திருக்க நேரிடும். அடுத்த நான்கு செமஸ்டர்களின் கால அட்டவணையைத் துறையில் வாங்கிவிடுங்கள். உதவித்தொகை பெறுபவராக இருந்தால், அது பட்டத்துக்குக் கட்டாயமில்லாத தாள்களுக்கும் செல்லுமா என்பதை நிதி உதவி அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.