கடைசியாக வருபவருக்காகக் காத்திருப்பது

வணக்கம் ஐயா,

எங்கள் குடும்பத்துச் சிக்கல் ஒன்றை உங்களிடம் கேட்கலாமா என்று மூன்று வாரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

அம்மா புற்றுநோயில் இறந்து பத்து வருஷம் ஆகிறது. அதற்கு அடுத்த வருஷம் அவருடைய பிறந்தநாளன்று நானும் தம்பியும் சித்தப்பாவும் அறுபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தோம். தெரிந்தவர்களிடம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்கி, கடைசி நாட்களில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட வலிதணிப்பு இல்லத்துக்குக் கொடுத்தோம். வருஷாவருஷம் ஆள் கூடிக்கூடி, மூன்று தலைமுறையாக இருபத்துமூன்று பேர் மிதிக்கிற விழாவாகிவிட்டது. ஓட்டாதவர்களும் வருவார்கள். தம்பிதான் எப்போதும் முதலில் வருவான். சித்தப்பா கடைசி, அவனுக்கும் அவருக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி இருக்கும். அக்கா ஓட்டமாட்டாள். முடியும் இடத்தில் தண்ணீரும் துண்டுமாக நிற்பாள். சித்தப்பா வந்து இறங்கும்வரை யாரையும் சாப்பிட விடமாட்டாள்.

போன வருஷம், 2020இல், கொரோனாவால் கூட முடியவில்லை. அவரவர் இடத்தில் மிதித்துவிட்டு ஜூமில் கூடினோம். 'மைக்கை ஆன் பண்ணுங்க' என்றதுதான் அதிகம். வசூலும் பாதியாகிவிட்டது. இந்த வருஷம் ஏப்ரலில் சித்தப்பா தொற்றில் போய்விட்டார். இந்த நேரத்தில் கொண்டாட்டம் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிறாள் அக்கா. பிள்ளைகளோ ஆப் போட்டு, யார் எவ்வளவு வேகம் என்று போட்டி வைக்கலாம் என்கிறார்கள். ஒரு வருஷம் விட்டால் விட்டதுதான் என்று எனக்குப் பயம். நடத்தலாமா, வேண்டாமா?

கே.

*

அன்புள்ள கே,

நடத்துங்கள். ஆனால் போன வருஷம் நடத்திய மாதிரி வேண்டாம். நான் சொன்னேன் என்று அக்காவிடம் போய் நிற்கவும் வேண்டாம். அவர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

சேர்ந்து சைக்கிள் ஓட்டுவது என்பதே ஒருவர் கிழித்த காற்றில் இன்னொருவர் போவதுதான். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குகூட மிச்சமாகும் என்பார்கள் ஓட்டுகிறவர்கள். களைத்தவரை நடுவில் விட்டு, தெம்புள்ளவர்கள் முறைவைத்து முன்னால் போவார்கள். இந்த நோய்க்கு வேண்டியதும் அந்த ஒட்டுதல்தான். நெருக்கமும், ஒரே காற்றும், பலமாக வாங்கும் மூச்சும் உங்கள் விழாவுக்குள் முதலிலிருந்தே இருந்தவை. அவற்றை எடுத்துவிட்டு மீதியை அப்படியே திரைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தீர்கள். எல்லோரும்தான் நினைத்தோம்.

பந்தயக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். 2020 ஏப்ரல் 5 அன்று நடந்திருக்க வேண்டிய, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் சைக்கிள் பந்தயத்தை, 13 வீரர்கள் தங்கள் தங்கள் வீட்டில் பின்சக்கரத்தை ட்ரெய்னர் என்ற தாங்கியில் மாட்டி, கடைசி 32 கிலோமீட்டரை மட்டும் மிதித்து நடத்தினார்கள். கிரெக் வான் அவெர்மாட் ஜெயித்தார். ஜூலையில் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ்கூட ஒருமுறை ஸ்விஃப்ட் என்ற செயலிக்குள் ஓடியது. இவை நன்றாகவே நடந்தன, ஏனென்றால் பந்தயத்துக்குத் தேவை எண்கள். மிதிக்கும் விசையும் நேரமும் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் யார் முதல் என்பது தெரிந்துவிடும்.

உங்கள் விழாவில் யார் முதல் என்பது என்றைக்காவது ஒரு பொருட்டாக இருந்ததா? தம்பியைப் பற்றி அரை வரி எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் வந்தவரைச் சுற்றித்தான் கடிதமே இருக்கிறது. பிள்ளைகளின் ஆப், உங்கள் வீட்டில் யாரும் இதுவரை அளக்காத ஒன்றை அளக்கப்போகிறது. அவர்களைத் திட்டாதீர்கள், இத்தனைக்குப் பிறகும் செய்யலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் அந்த வீட்டில் அவர்கள்தான்.

டூர் டி பிரான்ஸில் 1910இல் முதன்முதலாகப் பிரனீஸ் மலைகளின் உயரமான கணவாய்களில் ஏறியபோது, பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு வர ஒரு வண்டியை விட்டார்கள். அதற்குப் பெயரே துடைப்ப வண்டி. அதில் துடைப்பக்கட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு போன காலமும் உண்டு. பந்தயத்தில் கடைசி ஆள் கூட்டித் தள்ளவேண்டியவர். உங்கள் வீட்டில் அவர் வராமல் சாப்பாடு கிடையாது. என்னைக் கேட்டால் உங்கள் விழாவின் உயிர் அந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது. முதலில் வந்தவர்களுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லாமல், பசியோடு, ஒருவர் வரும் வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்த நேரம். நம் முன்னோர் ஐந்து திணை வகுத்தபோது முல்லைக்கு வைத்த உரிப்பொருள் இருத்தல். காத்திருப்பதை ஒரு செயலாக, ஒரு நிலத்துக்கே உரிய ஒழுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். நாம்தான் அதை வீண்நேரம் என்கிறோம்.

ஜூமில் அது இல்லை. எல்லோரும் ஒரே நிமிஷத்தில் வருகிறார்கள், ஒரே பொத்தானில் மறைகிறார்கள். போன வருஷம் நண்பர் ஒருவரின் அறுபதாம் பிறந்தநாளுக்குத் திரை வழியாகப் போயிருந்தேன். வாழ்த்தெல்லாம் சொல்லி எல்லோரும் கிளம்பிய பிறகு, வெளியே வரும் பொத்தான் எங்கே என்று தெரியாமல் நான் திண்டாடிக்கொண்டிருந்தேன். நான் இருப்பது தெரியாமல் அவர் எழுந்து, பின்னால் இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரோரம் அடுக்கினார். எதற்கு அத்தனை நாற்காலி போட்டார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. ஒரு விழாவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு அரைமணி நேரம் பேசிவிட்டுத்தானே கிளம்புகிறோம்! அந்த அரைமணி நேரத்துக்கு அவர் ஆயத்தமாக இருந்தார், ஆட்கள் இல்லை.

ஆகவே நான் சொல்வது இது. இந்த வருஷம் எல்லோரும் ஒரே நேரத்தில் மிதிக்காதீர்கள். அறுபது கிலோமீட்டரைப் பங்கு போடுங்கள். தெம்புள்ளவர் ஐந்து எடுக்கட்டும், சின்னவர்களுக்கு ஒன்று போதும். விடியற்காலையில் ஒருவர் தனியாகக் கிளம்பட்டும். அவர் பத்திரமாக வீடு திரும்பி, அடுத்தவரைப் போனில் கூப்பிட்டு 'வந்துட்டேன், நீ கிளம்பு' என்று சொன்ன பிறகுதான் அடுத்தவர் பெடலில் கால் வைக்கவேண்டும். குழுவில் செய்தி போடக்கூடாது, குரலில்தான் சொல்லவேண்டும். அன்று முழுக்க உங்கள் குடும்பத்தில் ஒருவர் வழியில் இருப்பார், இன்னொருவர் போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒருவருக்கு டயர் பஞ்சரானால் பின்னால் இருக்கும் பத்து பேருக்கும் தாமதமாகும். ஆகட்டும். தனித்தனியாக, திறந்த வெளியில், ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படாமல் மிதிப்பதில் நோய்க்கும் பெரிதாக வழி இல்லை. ஓட்டாதவர்களையும் சங்கிலியில் நடுநடுவே கோத்துவிடுங்கள், அழைப்பை வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பது அவர்கள் பங்கு. போன வருஷத் திரையில் தண்ணீர் கொடுக்கிறவருக்கும் டயருக்குக் காற்றடிக்கிறவருக்கும் வேலையே இல்லாமல் போயிருக்கும்.

வெளியே விடாத இடங்களில் இருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஸ்பெயினில் 2020 மே 2ஆம் தேதிவரை பெரியவர்கள் உடற்பயிற்சிக்காகத் தெருவில் இறங்கவே முடியாமல் இருந்தது. அப்படி இருந்தால் இருந்த இடத்தில் மிதிக்கட்டும். அதெல்லாம் சைக்கிள் ஓட்டுவதா என்று உங்கள் வீட்டில் யாராவது சிரித்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். எவரெஸ்டில் 1924இல் காணாமல்போன ஜார்ஜ் மல்லோரிக்கு அதே பெயரில் ஒரு பேரன். அவர் 1994இல், தானும் எவரெஸ்டுக்குப் போவதற்கான பயிற்சியாக, ஆஸ்திரேலியாவில் டோனா புவாங் என்ற மலைச்சாலையில் சைக்கிளில் ஏறினார், இறங்கினார், திரும்ப ஏறினார். ஏறிய உயரமெல்லாம் கூடி எவரெஸ்டின் உயரம் வரும்வரை அதே சாலை. அடுத்த வருஷம் தாத்தா போன மலையின் உச்சியில் நின்றார். அந்த மலைச்சாலைப் பைத்தியக்காரத்தனத்துக்குப் பின்னாளில் எவரெஸ்டிங் என்று பெயர் வந்தது. 8,848 மீட்டர், ஒரே சரிவு, நடுவில் தூங்கக்கூடாது. பந்தயங்கள் நின்றுபோன 2020இல் உலகமெங்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எங்கும் போகாமல் போவதற்கு, அதுவும் தாத்தா வழியில் போவதற்கு, முன்னுதாரணம் இருக்கிறது.

இனி பணம். நீங்கள் வசூலைப் பற்றி ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த இல்லத்தில் படுத்திருப்பவர்களின் வலி தொற்று முடியட்டும் என்று காத்திருக்காது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பான் மாஸ் சேலஞ்ச் என்றொரு சைக்கிள் பயணம் உண்டு. பில்லி ஸ்டார் என்பவர் புற்றுநோய்க்குத் தன் அம்மாவையும் ஒரு மாமாவையும் உறவில் ஒருவரையும் இழந்தபின், 1980இல் 36 பேரோடு தொடங்கியது. முதல் வருஷ வசூல் 10,200 டாலர். 2019இல் 6 கோடியே 30 லட்சம் டாலர். 2020இல் கூட்டம் கிடையாது, அவரவர் இஷ்டப்பட்ட வழியில் மிதித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியும் 5 கோடி வந்தது. அதே வருஷம் லண்டன் மாரத்தான் நடக்கவேண்டிய ஏப்ரல் 26 அன்று பிரிட்டனில் '2.6 சவால்' என்று ஒன்றை அவசரமாக வைத்தார்கள். 2.6 அல்லது 26 என்ற எண் வருகிற எதையாவது, யார் வேண்டுமானாலும், வீட்டிலிருந்தே செய்யலாம். 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்குமேல் சேர்ந்தது, நல்ல தொகைதான். ஆனால் முந்தைய வருஷ மாரத்தானில் 6 கோடியே 64 லட்சம். இரண்டும் ஒரே தராசில் நிற்கிற விஷயங்கள் இல்லை, தெரியும். ஆனாலும் எனக்குப் படுவது, வருஷாவருஷம் அதே ஆள் அதே ஆளிடம் கேட்டுப் பழகிய இடத்தில் கூட்டம் போனாலும் கொடை அவ்வளவாகக் குறையவில்லை என்பதுதான்.

போன வருஷம் நீங்கள் எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதற்கு முன்பெல்லாம் சித்தப்பா நேரில் போய்க் கேட்டிருப்பார், 'இந்த வயசுல அறுபது கிலோமீட்டரா' என்று அவர்கள் சிரித்துக்கொண்டே கொடுத்திருப்பார்கள். ஆலிவோலா, ஷாஃபிர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நற்காரியத்துக்கு நிதி திரட்டுவதில் வலியும் உழைப்பும் சேர்ந்திருந்தால் மக்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. லிங்க்குக்கு மூச்சு வாங்காதே. ஆளுக்குப் பத்து பேரைப் போனில் கூப்பிடுங்கள். சித்தப்பாவின் பழைய பட்டியல் இருந்தால் அதை முதலில் எடுங்கள். அவர் இல்லை என்பதே தெரியாதவர்கள் அதில் இருப்பார்கள், அவர்களுக்கு அதையும் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

அக்காவுக்கு வருகிறேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்குப் பதில் சொல்வது எளிது. பிரிட்டனில் சாவுகள் உச்சத்தில் இருந்த 2020 ஏப்ரலில், நூறாவது பிறந்தநாளை எதிர்நோக்கியிருந்த டாம் மூர் என்ற முன்னாள் ராணுவக்காரர், கைதாங்கியைப் பிடித்துக்கொண்டு தன் தோட்டத்தில் நூறு தடவை நடந்தார். மருத்துவத் துறைக்கு ஆயிரம் பவுண்டு சேர்க்க நினைத்தவருக்கு 3 கோடியே 20 லட்சத்துக்குமேல் வந்தது. அந்த மாதத்தில் பிறந்தநாள் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்காமல் நாடே வாழ்த்து அட்டை அனுப்பியது.

ஆனால் அக்காவிடம் இதைச் சொல்லி வாதாடாதீர்கள். உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். இத்தனை வருஷமாகச் சித்தப்பாவுக்காக நின்றது யார்? நீங்களெல்லாம் மிதித்தவர்கள், இந்த வருஷமும் மிதித்துக்கொண்டே இருக்கலாம். துண்டை வைத்துக்கொண்டு நின்றவர் இந்த வருஷம் அங்கே யாருக்காக நிற்பார்? அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்பது அவருக்கு வாய்த்த ஒரு சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், நீங்கள் அருகில் இருப்பவர்.

கடைசிப் பங்கைத் தம்பியிடம் கொடுங்கள். ஒரே நிபந்தனை, அதை அவர் சித்தப்பாவின் வேகத்தில் மிதிக்கவேண்டும். முதலில் வந்தே பழகியவருக்கு அது லேசில் வராது, கால் கேட்காது. அவர் வீடு திரும்பியதும் கூப்பிடவேண்டிய எண் அக்காவுடையது. அதுவரை யாரும் சாப்பிடக்கூடாது என்று அக்காவே சொல்வாரா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால், இந்த வருஷம் அவருக்கு முடியவில்லை என்று அர்த்தம். வற்புறுத்தாமல் விட்டுவிடுங்கள்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். என்னையும் அழைக்கவேண்டியவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். லிங்க் அனுப்பாதீர்கள், போன் செய்யுங்கள்.