போஸ்டரை விட்டு நகராதீர்கள்

கேள்வி: பி.எச்டி. இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். முதன்முறையாக ஒரு சர்வதேச மாநாட்டில் என் போஸ்டர் தேர்வாகியிருக்கிறது; ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, பக்கத்தில் நின்று வருபவர்களுக்கு விளக்க வேண்டும். கைடு வரவில்லை, தனியாகத்தான் போகிறேன். புதியவர்களிடம் பேசவே எனக்குக் கூச்சம். யாராவது கேள்வி கேட்டு, பதில் தெரியாமல் நின்றால்? போஸ்டரை மாட்டிவிட்டு, உரைகளை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அதை மட்டும் செய்துவிடாதீர்கள். என் முதல் மாநாட்டில் நான் அப்படித்தான் செய்தேன். போஸ்டரை மாட்டிவிட்டு அரங்கின் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வந்தபோது போஸ்டரின் ஓரத்தில் ஒரு சீட்டு செருகியிருந்தது: ‘உங்களிடம் பேச வந்தேன், காணவில்லை.’ கீழே இருந்த பெயர், என் ஆய்வின் அடிப்படையான பேப்பரை எழுதியவருடையது. அதற்குப் பிறகு அவரைச் சந்திக்கும் வாய்ப்பே அமையவில்லை. இன்றும் அது மனதில் உறுத்துகிறது.

உரைகளில் வருவதில் பெரும்பகுதியை இன்றோ நாளையோ பேப்பராகப் படித்துவிடலாம். ஆனால் உங்கள் படத்தைப் பார்த்ததும், அந்தத் துறையில் ஊறிய ஒருவருக்கு முதலில் என்ன கேட்கத் தோன்றுகிறது என்பதை எங்கே படிப்பீர்கள்? 2011-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் நடந்த நுண்ணுயிரியல் மாநாட்டில்தான் ஜெனிஃபர் டௌட்னாவும் இம்மானுவேல் ஷார்பென்டியேயும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். பழைய நகரத்துத் தெருக்களில் நடந்தபடி பேசினார்கள். ஷார்பென்டியே பாக்டீரியாவை நன்கறிந்தவர், டௌட்னா ஆர்.என்.ஏ.வின் உயிர்வேதியியலில் தேர்ந்தவர். அந்தப் பேச்சில் தொடங்கிய கூட்டுவேலைதான் 2012-இல், மரபணுவை வெட்டித் திருத்த உதவும் கிரிஸ்பர்-காஸ்9 பற்றிய பேப்பராக வந்தது, 2020-இல் நோபலும் பெற்றது. கோர்டன் ஆய்வு மாநாடுகளில் பிற்பகலை வேண்டுமென்றே காலியாக விடுவதும் ஆட்கள் இப்படிப் பேசிக்கொள்ளட்டும் என்றுதான்.

பதில் தெரியாத கேள்வி கட்டாயம் வரும். வரட்டும். ‘இதை நான் யோசிக்கவில்லை. நீங்களாக இருந்தால் எப்படிச் சோதித்துப் பார்ப்பீர்கள்?’ என்று கேளுங்கள். கேட்டவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். அவர் போனதும் கேள்வியை நோட்டில் எழுதிவிடுங்கள். மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டால், நாளை உங்கள் பேப்பரைப் பரிசீலிக்கும் நடுவரும் அதையே கேட்கக்கூடும்.

சில கேள்விகள் வலிக்கும். 1935 ஜனவரியில் லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில், வெண்குள்ள விண்மீன்களின் நிறை வரம்பைப் பற்றி 24 வயது சந்திரசேகர் பேசி முடித்ததும், அடுத்துப் பேசிய, அன்றைய புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் எல்லார் முன்னாலும் அதை ஏளனம் செய்தார். கடைசியில் நின்றது சந்திரசேகரின் கணக்குதான், 1983-இல் நோபலும் கிடைத்தது. ஆனாலும் அந்த இளைஞன் அன்று பட்டதை லேசாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு அப்படி நேர்ந்தால் அங்கேயே மல்லுக்கு நிற்காதீர்கள். வாதத்தைக் குறித்துக்கொண்டு, அதில் சரக்கு இருக்கிறதா என்று இரவு நிதானமாகப் பாருங்கள். பேச்சு ஆய்வை விட்டு உங்கள்மேல் திரும்பினால், அல்லது யாராவது சீண்டினால், பொறுத்துக்கொள்ளவே வேண்டாம். பல மாநாடுகளில் நடத்தை விதிகளும் புகாரைக் கேட்க ஒரு பொறுப்பாளரும் உண்டு. தனியாகப் போகிறீர்கள் என்பதால் அவருடைய எண்ணைக் கிளம்பும் முன்பே செல்லில் பதிந்துகொள்ளுங்கள்.

கூச்சம் ஒரே நாளில் போகாது, போக வேண்டியதும் இல்லை. மாநாட்டின் அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) தொகுப்பைப் புரட்டி நாலே பேரைத் தேர்ந்தெடுங்கள். பெரிய பேராசிரியர்களைத் தேடி ஓடாதீர்கள். நீங்கள் செய்யும் சோதனையைத் தன் கையால் செய்துகொண்டிருக்கும் போஸ்ட்டாக்கையோ (பி.எச்டி. முடித்து ஆய்வைத் தொடர்பவர்) இன்னொரு ஸ்காலரையோ பிடியுங்கள். எந்தப் படியில் சொதப்பும், எதை விட்டால் சிக்னலே வராது என்று பேப்பரில் எழுதாததெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் நாலு வரி எழுதி, உங்கள் போஸ்டர் எண்ணையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். பெயர் தெரிந்த ஒருவர் எதிரே வந்து நிற்கும்போது பாதிக் கூச்சம் போய்விடும்.

போஸ்டர் ஏ0 அளவு என்றால் 841-க்கு 1189 மில்லிமீட்டர். நெட்டுவாக்கிலா குறுக்குவாக்கிலா என்று கேட்டுவிட்டு அச்சடியுங்கள். இடம் இருக்கிறதே என்று பேப்பர் முழுவதையும் ஒட்டிவிடாதீர்கள். முடிவை ஒரே வாக்கியமாகப் பெரிய எழுத்தில் போடுங்கள், அதற்கு ஆதாரமான படத்தை நடுவில் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுங்கள். வந்தவர் எதில் வேலை செய்கிறார் என்று முதலில் கேட்டுவிட்டால், எங்கிருந்து தொடங்குவது என்பது தானாகப் புரிந்துவிடும்.

வெளியாகாத தரவில் எதைக் காட்டலாம் என்று கைடிடம் இப்போதே கேளுங்கள். காப்புரிமை வாங்கும் எண்ணம் இருந்தால் இது மிக முக்கியம். ஐரோப்பாவில், விண்ணப்பிக்கும் முன் போஸ்டரில் காட்டிவிட்டாலே காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விட்டதாகப் பொதுவாகக் கொள்வார்கள். பிறர் போஸ்டரைப் படம் எடுக்கும் முன்பும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

திரும்பி வந்த இரண்டு மூன்று நாளுக்குள், பேசியவர்களுக்கு எழுதிவிடுங்கள். அவர் கேட்ட கேள்வியைக் குறிப்பிட்டு, அனுப்புகிறேன் என்று சொன்னதை மறக்காமல் இணையுங்கள். அந்த நோட்டோடு முதல் வேலையாகக் கைடைப் போய்ப் பாருங்கள்.