மாமாவின் மெஷினும் உங்கள் மேல்படிப்பும்

கேள்வி: எனக்கு 26 வயது. மெக்கானிக்கல் முடித்துவிட்டு கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் நான்கு வருடமாக இருக்கிறேன். கைக்கு 42,000 ரூபாய் வருகிறது. ஜெர்மனியில் எம்.எஸ்சி. சேர ஆசை; ஜெர்மன் மொழியில் ஏ-2 என்ற ஆரம்ப நிலை முடித்திருக்கிறேன். 20 லட்சம் கல்விக் கடன் வாங்கலாமா, கேட் நுழைவுத் தேர்வு எழுதி இங்கேயே எம்.டெக். சேரலாமா? அப்பா மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். சூலூரில் சொந்த வீடு உண்டு. எஃப்.டி.யில் 1.6 லட்சம் இருக்கிறது. 14 மாதம் முன்பு மாமாவின் லேத் பட்டறைக்காக என் பெயரில் 6 லட்சம் பர்சனல் லோன் எடுத்துக் கொடுத்தேன், 14% வட்டி, ஐந்து வருடம். ஐந்து தவணை அவர் கொடுத்தார், மீதி நான் கட்டினேன். ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது. இப்போது கம்ப்யூட்டரில் இயங்கும் பழைய விஎம்சி மெஷின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம், அதே லோனின் மேல் கூடுதலாக 4 லட்சம் டாப்-அப் எடுத்துத் தரச் சொல்கிறார். என் காலேஜ் ஃபீஸ் கட்டியவர் அவர், மறுக்க முடியவில்லை. வங்கியில் அப்பா பெயரில் ஒரு யூலிப் (காப்பீடும் பங்குச் சந்தை முதலீடும் கலந்த பாலிசி) போட்டால் கல்விக் கடன் சீக்கிரம் சாங்ஷன் ஆகும் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஜெர்மனியா இங்கேயா என்பதைப் பிறகு பார்க்கலாம். நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய கடன் பட்டியல்தான் எனக்குக் கவலை தருகிறது. 2022-ல் பெரியப்பா மகனுக்கு பைக் லோன். அடுத்த வருடம் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு உங்கள் கிரெடிட் கார்டில் 60,000. பிறகு மாமாவுக்கு 6 லட்சம். மூன்றும் உங்கள் பெயரில், மூன்றிலும் உங்களுக்கென்று ஒரு ரூபாய் செலவாகவில்லை. மாதச் சம்பளக்காரன் பெயரில் எடுத்தால் சட்டென்று கிடைக்கும் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. உங்களுக்கும் பழகிவிட்டது. உங்கள் மேல்படிப்புக்குக் குறுக்கே நிற்பது இந்தப் பழக்கம்தான்.

கணக்கைத் தோராயமாகப் போடுகிறேன். 6 லட்சத்துக்குத் தவணை ஏறக்குறைய 14,000. பதினான்கு மாதத்தில் வங்கிக்குப் போனது 1.96 லட்சம். அசல் குறைந்ததோ 1.05 லட்சம்தான், இன்னும் 4.95 லட்சம் பாக்கி. அதன்மேல் 4 லட்சம் டாப்-அப் ஏறினால் 8.95 லட்சம். மறுபடி ஐந்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை 20,800.

இதைச் சுமந்துகொண்டு விமானம் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் நின்றுபோகும். மாணவர் விசாவுக்கு, மாதாமாதம் அளவாக மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுன்டில் வருடத்துக்கு 11,904 யூரோ காட்டச் சொல்கிறார்கள். அது மாதம் 992 யூரோவாகக் கைக்கு வரும். அறை வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் 20,800 ரூபாய் என்பது 208 யூரோ. கல்விக் கடனில் வந்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு மாமாவின் மெஷினுக்குப் போகும். போகாவிட்டால் வசூல்காரர்கள் சூலூர் வீட்டுக்கு வருவார்கள், அப்பாவிடம் பேசுவார்கள். வேறென்ன நடக்கும்?

பவுன்ஸ் ஆன அந்த ஒரு மாதத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் கடனைக் கட்டிய விதத்தைப் பதிவு செய்யும் சிபில் அறிக்கையில் 36 மாதத் தவணை வரலாறு தெரியும். 20 லட்சம் கொடுக்கப்போகும் மேனேஜர் முதலில் பார்ப்பது அதைத்தான். வருடத்துக்கு ஒருமுறை அறிக்கையை இலவசமாக எடுக்கலாம், இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

மாமாவிடம் என்ன சொல்வது? அவர் உங்களுக்கு ஃபீஸ் கட்டியது உண்மையான கடமைப்பாடு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதைத் திருப்பிச் செய்ய வேண்டுமானால் சம்பாதிக்கும் காலத்தில் கையில் இருந்து கொடுங்கள், உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள். பட்டறை ஓடுகிறது, ஜாப் ஒர்க் வருகிறது என்றால் அவர் பெயரிலேயே கடன் கிடைக்கும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, ஜிஎஸ்டி பில்கள், ஒரு வருட வங்கிக் கணக்கு இவற்றோடு மத்திய அரசின் முத்ரா கடனுக்குப் போகட்டும். தருண் பிரிவில் 10 லட்சம் வரை பிணை இல்லாமல் தருகிறார்கள். எந்த வங்கியும் அவருக்குத் தராவிட்டால், அந்தத் தொழிலுக்கு நீங்கள் 14% வட்டியில் கடன் வாங்கிக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

இருக்கிற கடனை முதலில் இறக்குங்கள். எஃப்.டி.யில் ஆறேழு சதவீதம் வாங்கிக்கொண்டு இங்கே 14% கட்டுவதில் அர்த்தமே இல்லை. 30,000-ஐ அவசரத்துக்கு வைத்துக்கொண்டு 1.3 லட்சத்தைப் பகுதி அடைப்பாகக் கட்டுங்கள். அதற்குக் கட்டணம் பிடிப்பார்களா என்று முன்பே கேளுங்கள். பாக்கி 3.65 லட்சம் ஆகும். மாமா கட்டாத ஒன்பது தவணையே 1.26 லட்சம். அதையும் சேர்த்து 2 லட்சமாவது தீபாவளிக்குள் அவர் புரட்டித் தர வேண்டும். நகைக் கடன் எடுத்தாலும் இதைவிட வட்டி குறைவு. அப்படி வந்தால் மிச்சம் 1.65 லட்சம், இதே தவணையில் 13 மாதத்தில் தீரும். இந்தப் பேச்சை நீங்கள் தனியாகப் பேசாதீர்கள். அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு, எண்களை ஒரு தாளில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். தம்பியிடம் அக்கா சொல்வதற்கு ஒரு எடை உண்டு.

இதனால் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும். போகட்டும். அந்த ஒரு வருடத்தில் ஜெர்மன் மொழியை பி-1, முடிந்தால் பி-2 வரை கொண்டுபோங்கள். ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் படிப்பு கிடைத்தாலும் தொழிற்சாலையில் ஷாப் ஃப்ளோரில் பேச்சு ஜெர்மனில்தான். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் முதல் வருடச் செலவுக் கணக்கில் அந்த வருமானத்தைச் சேர்க்காதீர்கள். அங்கேயும் கார் தொழில் சிரமத்தில் இருக்கிறது. 2030-க்குள் 35,000 பேரைக் குறைப்பதாக ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. கார் வடிவமைப்பை மட்டும் நம்பிப் பாடப்பிரிவு எடுக்க வேண்டாம். பம்ப், பாய்மவியல் அனுபவம் உங்களிடம் இருக்கிறது, அதை ஒட்டியே தேடுங்கள்.

கட்டணம் எல்லா இடத்திலும் இலவசம் என்று கன்சல்டன்சிகள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு ஆறு மாதப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸுக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. கேட்டவுடன் இடம் தரும் தனியார் கல்லூரி என்றால் இன்னும் நிதானமாக விசாரியுங்கள்.

20 லட்சம் கடன் 10% வட்டியில் என்றால், படிக்கும் காலத்தையும் அதன்பின் ஒரு வருடத்தையும் சேர்த்து சுமார் 5 லட்சம் வட்டி ஏறும். பத்து வருடத் தவணை மாதம் 33,000 ரூபாய். அங்கே வேலை கிடைத்தால் சமாளிக்கலாம். திரும்பி வந்து 50,000 சம்பளத்தில் சேர்ந்தால் மூச்சு முட்டும், சூலூர் வீடுதான் பிணையில் இருக்கும். அதனால் கேட் வழியையும் மூடாதீர்கள். எம்.டெக்.கில் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, இரண்டு வருடத்தில் சுமார் 3 லட்சம் உங்களுக்கு வரும். ஐஐடி, என்ஐடி-யில் நல்ல பிரிவு கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் வைப்பேன்.

யூலிப் வேண்டவே வேண்டாம். ஓய்வு பெற்ற மனிதருக்கு அது எதற்கு? கடனுக்காக காப்பீடு கட்டாயம் என்று எந்த வங்கியும் சொல்ல முடியாது. சொன்னால் எழுத்தில் கேளுங்கள். கடன் வாங்கும்போது உங்கள் பெயரில் ஒரு டேர்ம் பாலிசி (முதலீடு கலக்காத ஆயுள் காப்பீடு) எடுத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று. டாப்-அப் இப்போதெல்லாம் முன்கூட்டியே ஒப்புதல் ஆகி ஆப்பில் தயாராக இருக்கும், கையெழுத்துகூடத் தேவையில்லை. மாமா பட்டறையில் இருந்து போன் செய்து மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, ஓடிபி மட்டும் சொல்லு கண்ணு என்பார். சொல்லாதீர்கள்.